இராசதுரையருக்கு உத்தியோகம்

இராசதுரை வேலைக்குச் சேர்ந்த மறுநாளே மகனைத் தொலைபேசியில் கூப்பிட்டு முறைப்பாடு வைத்தார். அங்கே வேலை செய்யும் எல்லோருடைய கழுத்திலும் பெயர் அட்டை தொங்குகிறதாம். தன் கழுத்து மட்டும் மொட்டையாக இருக்கிறதாம்.

"அட்டை இல்லாமல் நான் ஒரு சொல்லுச் சொன்னால் ஆர் கேப்பினம்? என்னையும் உதுக்குள்ள இருக்கிற கிழடுகளில ஒண்டெண்டெல்லோ நினைப்பினம்" என்றார்.

கோணேஸ்வரன் அப்போது தன் தளபாடக் களஞ்சியத்தில் நின்றான். கையிலிருந்த தேநீரை மேசையில் வைத்துவிட்டு, கட்டில், அலுமாரி என்று ஏற்றிக்கொண்டிருந்த பொடியன்களுக்குக் கேட்காதபடி ஒரு மூலைக்குப் போனான். ஏனென்றால், இராசதுரை அங்கே இருக்கிற கிழடுகளில் ஒருவரேதான். அது மோர்னிங்சைட்டில் உள்ள ஒரு முதியோர் இல்லம். எண்பது தாண்டிய அவரைக் கொண்டுபோய் விட்டவன் கோணேஸ்வரன். அவருக்குச் சொல்லியிருந்த சுப்பர்வைசர் வேலை என்று ஒன்றே அந்த இல்லத்தில் கிடையாது.

"நாளைக்கே அட்டை வரும் அப்பா" என்றான்.

இப்படி ஒரு பொய்க்குள் போய் மாட்டிக்கொள்ளும் மனிதன் இல்லை கோணேஸ்வரன். ஆனால் வேறு வழியும் தெரியவில்லை. அம்மா போன பிறகு ரூஜில் உள்ள அந்தப் பெரிய வீட்டில் பகல் முழுக்க அப்பா தனியே இருந்தார். கோணேஸ்வரனும் மனைவி தனுசியாவும் வேலைக்குப் போய்விடுவார்கள்; பிள்ளைகள் வேறு நகரத்தில் படிக்கிறார்கள். ஒருநாள் அடுப்பை அணைக்க மறந்தார். இன்னொரு நாள் நிலவறைப் படியில் சறுக்கி விழுந்து, அவர்கள் வேலையால் வரும்வரை அங்கேயே கிடந்தார். அன்றைக்கு அவரைத் தூக்கி நிமிர்த்தியபோது, "ஒண்டும் இல்லை, சும்மா இருந்தனான்" என்று மட்டும்தான் அவர் சொன்னார்.

என்றாலும் 'ஹோம்' என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் வாயில் எடுக்கமாட்டார்கள். அதற்குக் காரணம் தனுசியாவின் பெரியப்பா நாகமணி. கலியாண வீடோ செத்த வீடோ, நாலு பேர் கூடினால் போதும், பெற்றவர்களை ஹோமில் விட்டவர்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொருவராகத் தோலை உரிப்பார். இராசதுரை பக்கத்தில் இருந்து தலையாட்டிக்கொண்டிருப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் கோணேஸ்வரன், அப்பாவின் மனமும் அதுதான் என்று முடிவு கட்டிக்கொள்வான்.

அப்படியிருக்க, ஒருநாள் சாப்பாட்டு மேசையில் இராசதுரையே தன் பாட்டில் ஒரு கதை சொன்னார். மன்னார்ப் பிள்ளை ஒருத்தி மோர்னிங்சைட்டில் இல்லம் நடத்துகிறாளாம், நல்ல பிள்ளையாம், ஆனால் வேலைக்கு ஆள் கிடைக்காமல் அந்தரப்படுகிறாளாம். கோயிலில் யாரோ சொன்னார்களாம். சொல்லிவிட்டு ரசத்தைக் குடித்தார். கோணேஸ்வரனின் மண்டைக்குள் விளக்கு எரிந்தது. தன் வாழ்நாளில் உதித்த ஒரேயொரு மூளையான யோசனை அது என்று பிறகு தனுசியாவிடம் பெருமைப்பட்டான்.

அப்பாவை வேலைக்குச் சேர்த்துவிடுவது. அங்கேயே தங்கிப் பார்க்கிற வேலை.

இராசதுரை ஊரில் சீனன்குடா ரயில் ஸ்ரேசனில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோகம் என்ற சொல் காதில் விழுந்ததும் எழும்பிப் போய் முகம் வழித்தார். சேட்டை அயன் பண்ணி மினுக்கினார். லீவு எப்படி என்று மட்டும் கேட்டார்.

அதற்கு முன்பே கோணேஸ்வரன் போய் அந்த மன்னார்ப் பிள்ளையைப் பார்த்திருந்தான். பெயர் அன்ரனெற். பிள்ளை என்றார்களே தவிர, நாற்பதைத் தாண்டிய பெண். சின்ன வயதில் அகதியாக வந்து சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடத்தில் வளர்ந்து, ஆஸ்பத்திரியில் பல வருடம் தாதியாக இருந்து, அதன் பிறகு மேலும் படித்து நேர்ஸ் பிறக்டிஷனர் ஆனவர். நோயைக் கண்டுபிடித்து, சோதனைக்கு அனுப்பி, மருந்தும் தானே எழுதிக்கொடுக்க அனுமதி உள்ளவர். இல்லத்தின் பழைய சொந்தக்காரர் மூடிவிட்டுப் போகப் பார்த்தபோது, தன் வீட்டை ஈடு வைத்து அதை வாங்கிவிட்டார். அங்கே உள்ளவர்கள் ஊர் ஆஸ்பத்திரி வழக்கத்தில் அவரை மிஸ்ஸி என்று கூப்பிட்டார்கள். டொக்டர் என்று கூப்பிட்டவர்களை அவர் திருத்தினார்.

கோணேஸ்வரன் தன் பொய்த் திட்டத்தை அவரிடம் விரித்தான். அன்ரனெற் முழுவதையும் கேட்டார்.

"எனக்குப் பொய் சொல்ல வராது அண்ணை. ஆனா என்னட்ட ஒராள் சொல்லுறது இன்னொராளிட்டப் போகாது. அது என்ர தொழில்" என்றார்.

நல்ல காலம், கீழ்த் தளத்தில் வெயில் விழுகிற நல்ல அறை ஒன்று மட்டும் வெறுமையாக இருந்தது.

அட்டையைக் கோணேஸ்வரன் தன் களஞ்சியத்து இயந்திரத்திலேயே அடித்தான். இல்லத்தின் பெயர், இராசதுரையின் பெயர், கீழே சுப்பர்வைசர். நீல நாடா வேறு. அப்பா அதைக் கழுத்தில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தபோது, பிரச்சினை தீர்ந்தது என்று நம்பினான்.

தீரவில்லை. அட்டை வரும்வரை வாயால் மட்டும் சொன்ன மனிதர், அட்டை வந்ததும் நடத்திக்காட்டத் தொடங்கிவிட்டார். சீனன்குடாவில் ரயில் பிந்தினால் அதைத் தனக்குச் செய்த அவமரியாதையாக எடுத்துக்கொண்டவர் அவர். சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே மண்டப வாசலில் போய் நிற்பார். பிடித்து நடக்கும் தள்ளுவண்டியோடு வருகிறவர்களை வரிசையாக்குவார். உள்ளே இருப்பவர்கள் இறங்கும்வரை வெளியே இருப்பவர்கள் ஏறக்கூடாது என்று மின்தூக்கிக்குச் சட்டம் போட்டார். ஒருநாள் அன்ரனெற்றே கோணேஸ்வரனைக் கூப்பிட்டார். சமையல்காரி மெலிசா அழுதுகொண்டிருக்கிறாளாம். புட்டு பிந்தியதற்கு இராசதுரை அவளிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறாராம்.

கோணேஸ்வரன் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடினான். அப்பாவைத் தனியே கூட்டிப்போய், அடுப்படி அவருடைய தரத்துக்கு ஏற்ற இடம் இல்லை, அவருக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது என்று சொன்னான். இனிமேல் முன்வாசல் அவருடைய பொறுப்பு. சும்மா கதிரையில் இருந்து வருகிறவர்களுக்கு வணக்கம் சொன்னால் போதும். கதிரையில் இருக்கிற மனிதரால் என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது என்று நினைத்தான்.

இராசதுரை பதவி உயர்வை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார். வாசலில் இருந்தார். வணக்கமும் சொன்னார். அதோடு விட்டாரா? தாய் தகப்பனைப் பார்க்க வந்த பிள்ளைகளிடம், போன முறை எப்போது வந்தீர்கள் என்று விசாரிக்கத் தொடங்கினார். போன மாதம் என்று சொன்னவர்களை ஏற இறங்கப் பார்த்தார். தோடம்பழப் பெட்டியை வைத்துவிட்டு உடனே திரும்பப் பார்த்த ஒரு மகனிடம் கார்த் திறப்பை நைசாக வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அம்மாவுடன் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து வாங்கிக்கொள்ளும் என்று அனுப்பிவிட்டார்.

அந்த மகன் கொதித்துப்போய் முறைப்பாடு செய்தார். செய்தி கேட்ட கோணேஸ்வரன் உடனே காரை எடுத்தான். இனி அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ என்று சொல்லிவிடுவார்கள். எங்கே கூட்டிக்கொண்டு போவது? அந்த நிலவறைப் படிக்கா? அதைவிட, உனக்கு வேலையும் இல்லை ஒன்றும் இல்லை, மகன் உன்னை ஏமாற்றிக் கொண்டுவந்து தள்ளினவன் என்று யாராவது கோபத்தில் சொல்லிவிட்டால் அந்த மனிதர் இடிந்து போவார். மன்னிப்புக் கேட்கிற வசனங்களைக் காரிலேயே பாடமாக்கிக்கொண்டு போனான்.

போனால், வேலை நாளில் வாகனம் நிறுத்த இடமில்லை. எல்லாம் தாய் தகப்பனைப் பார்க்க வந்த பிள்ளைகளின் கார்கள். தூரத்தில் விட்டுவிட்டு நடந்து வந்தான்.

அன்ரனெற் ஓர் அறையில் நின்றார். இருமலில் தவித்த ஒரு முதியவரின் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அதேநேரம் காதுக்கும் தோளுக்கும் இடையில் தொலைபேசியைச் செருகி, குளியலறைத் தண்ணீர் எந்தக் குழாயால் ஒழுகுகிறது என்று திருத்த வந்தவனுக்கு விளங்கப்படுத்தினார். பிறகு போனை வைத்துவிட்டு, முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, "மூச்சை இழுங்கோ அப்பு" என்றார். வலது பக்க நுரையீரலின் அடியில் சளி கட்டத் தொடங்கியிருக்கிறது, ஆஸ்பத்திரிக்கு அலைக்கத் தேவையில்லை என்று உதவியாளரிடம் சொல்லி, மருந்தை எழுதி, கட்டிலின் தலைமாட்டைத் தன் கையாலேயே உயர்த்தினார். வரும் வழியில் ஓர் அம்மாவின் சப்பாத்து நாடாவைக் குனிந்து கட்டினார். நின்றபடியே ரொட்டியில் இரண்டு கடி கடித்தார். முதலாளியும் அவர், மருத்துவமும் அவர், குழாய் பார்ப்பதும் அவர். கோணேஸ்வரன் நாலு பேரை வைத்துத் தளபாடம் ஏற்றுவதற்கே நாள் முழுக்கக் கத்துகிறவன். பாடமாக்கிய வசனங்கள் மறந்துபோக வாயைப் பிளந்துகொண்டு நின்றான். ஒரு மனிதப் பிறவியால் இவ்வளவு முடியுமா என்று இருந்தது அவனுக்கு.

"முறைப்பாடு வந்தது உண்மைதான் அண்ணை" என்றார் அன்ரனெற். "ஆனா அந்த அம்மா கன நாளைக்குப் பிறகு நேற்றுத்தான் கோப்பை வழிச்சுச் சாப்பிட்டவ. அதுக்கு என்னட்ட மருந்து இல்லை. அவரை வாசலிலயே விடுங்கோ. திறப்பு வாங்கிறதை மட்டும் நான் சொல்லி நிப்பாட்டுறன்."

அந்தமட்டில் தப்பினோம் என்று வீட்டுக்கு வந்தால், அங்கே அடுத்தது காத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா நாகமணி குடும்பத்தோடு சாப்பிட வருகிறார். மாமா எங்கே என்று அவர் கேட்டதற்குத் தனுசியா பயத்தில், ஒட்டாவாவில் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டாள். ஆனால் ஞாயிறு இராசதுரையின் லீவு நாள். அன்றைக்கு அவர் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவார்.

வரவிடாமல் பண்ண வேண்டும். கோணேஸ்வரன் அப்பாவைக் கூப்பிட்டு, இந்த ஞாயிறு லீவு இல்லை, மிஸ்ஸிக்கு வேறு வேலை இருக்கிறது, அங்குள்ளவர்களை எந்தக் காரணம் கொண்டும் தனியே விடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னான். அவ்வளவுதானே, விளங்கிவிட்டது என்றார் இராசதுரை.

ஞாயிறு மத்தியானம் நாகமணி சோபாவை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுப்படியில் நண்டுக்கறி கொதித்தது. அவர் வழக்கமான பட்டியலில் மூன்றாவது குடும்பத்தின் தோலை உரித்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. கோணேஸ்வரன் கதவைத் திறந்தான்.

வாசலில் இராசதுரை நின்றார். கழுத்தில் அட்டை. அவருக்குப் பின்னால் தள்ளுவண்டியைப் பிடித்தபடி, அவருடைய அறைக்குப் பக்கத்து அறைக்காரரான யேசுரட்ணம். அதற்கும் பின்னால், மேல்சட்டையைக் கழுத்துவரை பூட்டிய இரண்டு அம்மாக்கள்.

"தனிய விடக்கூடாதெண்டு நீதானே சொன்னாய்" என்றார் இராசதுரை. "அதுதான் கூட்டிக்கொண்டு வந்தனான். யேசுரட்ணத்தாருக்கு நண்டில ஒரு விருப்பம்."

நாகமணி எழும்பி வந்தார். இராசதுரையைப் பார்த்தார். அட்டையைக் கையில் தூக்கி, இல்லத்தின் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். அடுப்படி வாசலில் தனுசியா அகப்பையோடு உறைந்துபோனாள்.

"ஒட்டாவா எண்டெல்லோ பிள்ளை சொன்னவள். இது ஹோமெல்லோ" என்றார். "உங்களை மகன் ஹோமில விட்டிட்டானோ அண்ணை?"

பூமி பிளந்து தன்னை விழுங்கினால் நல்லது என்றிருந்தது கோணேஸ்வரனுக்கு. நாகமணியிடம் மானம் போவது கிடக்கட்டும். இந்தக் கேள்வியோடு அப்பாவுக்கு எல்லாம் விளங்கிவிடுமே. அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் சப்பாத்துகளைப் பார்த்தான்.

இராசதுரை ஆறுதலாக உள்ளே வந்து கதிரையில் இருந்தார். அட்டையை நெஞ்சில் நேராக்கினார்.

"விட்டதோ? நான் அங்க சுப்பர்வைசர், நாகமணி. பொடியன் வேண்டாம் வேண்டாமெண்டு காலைப் பிடிச்சவன், நான்தான் கேக்கேல்லை. ஒட்டாவாவுக்கு ட்ரெயினிங்குக்கு அனுப்பினவை. இப்பதான் வந்து நிக்கிறன்."

காதில் விழுந்த ஒட்டாவாவை அப்பா இவ்வளவு சட்டென்று எப்படிப் பிடித்துக்கொண்டார் என்று கோணேஸ்வரன் திகைத்தான். யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. யேசுரட்ணம் வேர்த்து விறுவிறுத்து, தள்ளுவண்டியோடு சுவரில் சாய்ந்துவிட்டார். வீடு அல்லோலகல்லோலப்பட்டது. ஓமத் தண்ணி கொடுக்கச் சொன்னார் நாகமணி. கோணேஸ்வரன் விசிறியைத் தேடி மேல்மாடிக்கு ஓடி, மட்டையோடு இறங்கி வந்தான். தனுசியா தொலைபேசியை எடுத்த நேரம், திறந்து கிடந்த கதவால் அன்ரனெற் உள்ளே வந்தார். நாலு பேரும் பஸ்ஸில் ஏறினதை மெலிசா பார்த்துச் சொல்ல, இல்லத்து வானை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்திருக்கிறார்.

அவர் வந்ததும் அந்தச் சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. யாரையும் அதட்டவில்லை. யேசுரட்ணத்தை இருத்தி, விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தார். காலையில் நீரிழிவு ஊசி போட்டுக்கொண்டவர், பஸ்ஸுக்கு நின்று சாப்பாட்டு நேரத்தைத் தவறவிட்டிருக்கிறார். சீனி இறங்கிவிட்டது. தோடம்பழச் சாறு கொடுத்து, கையைப் பிடித்தபடி காத்திருந்து, மறுபடி பார்த்தார். யேசுரட்ணத்தின் முகத்துக்கு நிறம் திரும்பியது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க ஒரு மனிதர் திரும்பி வந்துவிட்டார். கோணேஸ்வரனுக்குக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

அன்ரனெற் அதோடு நிற்கவில்லை. யேசுரட்ணத்தின் கையை விடாமலே, எதிரே நின்ற நாகமணியின் கால்களைப் பார்த்தார்.

"அங்கிள், எத்தினை தலகணி வச்சுப் படுக்கிறனீங்கள்?"

நாகமணி அசட்டையாக மூன்று என்றார். நேராகப் படுத்தால் மூச்சு முட்டுகிறதா, படி ஏறினால் நிற்க வேண்டி வருகிறதா என்று அன்ரனெற் கேட்கக் கேட்க, நாகமணியின் குரல் தேய்ந்துகொண்டே போனது. இருத்தி, நெஞ்சையும் முதுகையும் கேட்டார். காலுறைக்கு மேலே விரலால் அழுத்தினார். குழி விழுந்து அப்படியே நின்றது.

"நுரையீரலுக்குள்ள தண்ணி கோக்குது. இதயத்தைப் பாக்கவேணும். இண்டைக்கே போறீங்கள். நான் இப்ப ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிடுறன்."

ஊரில் ஒருவருடைய சொல்லையும் கேட்டறியாத நாகமணி, பட்டியலையும் நண்டையும் அப்படியே விட்டுவிட்டுச் சின்னப் பிள்ளையாகச் சப்பாத்தைத் தேடினார். கூட வந்திருந்த அவருடைய மகன் காரை எடுத்தான். போகும்போது அன்ரனெற்றின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த ஒரு காட்சிக்காகவே தனுசியா பிறகு பல நாள் அன்ரனெற்றைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தாள்.

மிஞ்சியவர்கள் நண்டுக்கறியோடு சாப்பிட்டார்கள். யேசுரட்ணத்துக்கு எவ்வளவு சோறு என்பதை அன்ரனெற் பார்த்துப் போட்டார். வெளிக்கிடும் நேரம் இராசதுரை வானின் கதவுகள் பூட்டியிருக்கின்றனவா என்று சுற்றிவந்து பார்த்தார். அம்மாக்களின் ஆசனப் பட்டிகளை இழுத்துப் பார்த்தார். திருப்திப்பட்டு முன் ஆசனத்தில் ஏறி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அந்த நிமிர்வைப் பார்க்கக் கோணேஸ்வரனுக்குத் தாங்கவில்லை. ஒன்றும் அறியாத மனிதர், மகனுக்காகச் சபையில் வாதாடிவிட்டுப் பொய் வேலைக்குப் போகிறாரே என்று நெஞ்சு வலித்தது. இன்றைக்கு நாகமணி கேட்ட கேள்வியை நாளைக்கு இல்லத்திலேயே யாராவது கேட்டுவிட்டால்? தள்ளுவண்டியை மடிக்கிற சாட்டில் யேசுரட்ணத்தை வானின் பின்பக்கம் நிறுத்திக்கொண்டான்.

"அங்கிள், உங்களிட்ட ஒண்டு சொல்லவேணும். அப்பாவுக்கு அங்க வேலை ஒண்டும் இல்லை. நான்தான் பொய் சொல்லிக் கொண்டுவந்து விட்டனான். தெரிஞ்சால் அவர் தாங்கமாட்டார். நீங்கள் ஆரும் சொல்லிப்போடாதேங்கோ."

யேசுரட்ணம் முன் ஆசனத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு கோணேஸ்வரனின் தோளில் கையை ஊன்றிக் குரலைத் தாழ்த்தினார்.

"நீர் வர முந்தி, பனி கொட்டேக்கயே உம்மட கொப்பர் தனிய பஸ் ஏறி வந்து, அந்த அறையைப் பாத்துப்போட்டு, நான் பக்கத்தில நிக்க மிஸ்ஸியிட்ட என்ன சொன்னவர் தெரியுமே தம்பி? 'இது எனக்குக் காணும். ஆனா என்ர பொடியன் வாய்விட்டுக் கேக்கமாட்டான், ஏதாவது ஒரு பொய்யோடதான் வருவான். அவன் வருமட்டும் இந்தக் கட்டிலை ஒருத்தருக்கும் குடுத்திடாதேங்கோ.'"